மனந்திரும்புதலும் தாழ்மையும்: பெங்களூரு தமிழ்ச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு தமிழ் ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்திலும், வாரநாள் வேதபாட வகுப்பிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்களும் உண்டு. பதில் சொல்வது வேதபாடம் நடத்தும் ஒரு சாதாரண விசுவாசி. உங்கள் ஆயரோ பங்குத்தந்தையோ வேறு மாதிரி சொன்னால் அவரிடமும் பேசிப் பாருங்கள். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

"பாவம் நிறைந்த உலகம்" என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். அந்த உலகம் எங்கே இருக்கிறது?

நம் பிரசங்கங்களை வைத்துப் பார்த்தால் சர்ச் ஸ்ட்ரீட்டிலும் கோரமங்களாவிலும், வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் இருக்கிறது! பப், சினிமா, கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது என்று உதாரணங்கள் வரும். எல்லாம் அன்றைக்குக் கோவிலுக்கு வராதவர்களின் பாவங்கள். வந்து உட்கார்ந்திருக்கிறவர்களின் வட்டித் தொழில், வரதட்சணை, வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குக் கொடுக்காத சம்பளப் பாக்கி ஆகியவை பிரசங்க மேடை வரைக்கும் ஏறுவதில்லை.

இயேசுவிடமும் சிலர் இப்படி மற்றவர்களைப் பற்றிப் பேச வந்தார்கள். லூக்கா 13-ஆம் அதிகாரம். பிலாத்து கலிலேயர் சிலரைக் கொன்ற செய்தியைச் சொன்னார்கள். அவர் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து செத்துப்போன 18 பேரையும் சேர்த்துக்கொண்டு, "அவர்கள் எருசலேமில் குடியிருக்கிற மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டு, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்றார். பேச்சு செத்தவர்களை விட்டு, செய்தி கொண்டுவந்தவர்கள் மேல் திரும்பிவிட்டது.

2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர்ப் பக்கம் அவுட்டர் ரிங் ரோடு முழுகி, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். "இந்த நகரத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை" என்று சொன்னவர்கள் நமக்குள்ளேயே இருந்தார்கள். ஏரிகளை இணைத்த ராஜகாலுவைகள் (பெரிய மழைநீர்க் கால்வாய்கள்) அடைபட்டும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடந்தது ஊரறிந்த விஷயம். பாவம் என்றே சொல்வதானால் அதற்கு சர்வே நம்பர் இருக்கிறது, அனுமதிக் கையெழுத்து இருக்கிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று விசாரிக்காமல் அங்கே பிளாட் வாங்கிய நாமும் இருக்கிறோம். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு எழுதியது இந்த வரிசையைத்தான்.

செய்ததை நினைத்து நினைத்து அழுகிறேன். இதுதான் மனந்திரும்புதலா?

அதன் வாசல் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். யூதாசும் அழுத்தமாகத்தான் வருந்தினான். வெள்ளிக்காசு முப்பதையும் தேவாலயத்தில் எறிந்தான், "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டே சொன்னான். அறிக்கை இருக்கிறது, பணம் திரும்பப் போயிற்று. ஆனால் அவன் போனது ஆசாரியர்களிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அவர்கள் கையை உதறிவிட்டார்கள். அதற்குப்பின் அவன் யாரிடமும் போகவில்லை.

பேதுரு மூன்று தடவை மறுதலித்தவன். மனங்கசந்து அழுதான். ஆனாலும் மற்ற சீஷர்களோடேயே இருந்தான், அவர்களோடு மீன்பிடிக்கப் போனான். யோவான் 21-இல் கரையில் கரிநெருப்பு எரிகிறது. அவன் குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த இடத்திலும் கரிநெருப்புதான் எரிந்தது என்று அதே யோவான் முன்பே எழுதியிருக்கிறார். அந்த நெருப்பின் பக்கத்தில் வைத்தே "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தடவை கேட்கிறார் இயேசு. மூன்றாம் தடவை பேதுருவுக்கு வலித்தது. ஆனாலும் எழுந்து போய்விடாமல் பதில் சொன்னான்.

அழுகை உங்களை அறைக்குள் பூட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். பல நாள் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போயிருந்தால் அது பாவத்தைப் பற்றிய கேள்வியே இல்லாமலும் இருக்கலாம். ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். நிம்ஹான்ஸ் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு மனநல மருத்துவரிடம் போக வெட்கப்படுவது தேவையில்லாத பிடிவாதம்.

உபவாசக் கூட்டத்தில் ஒப்புக்கொடுத்து அழுதேன். திங்கட்கிழமை பழையபடி ஆகிவிட்டது. அந்தக் கண்ணீர் பொய்யா?

பொய் இல்லை. அதற்கடுத்த வேலை என்ன என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். யோவான்ஸ்நானனிடம் வந்தவர்கள் விவரமானவர்கள். "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டார்கள். லூக்கா 3-இல் மூன்று கூட்டத்தார் கேட்கிறார்கள், மூவருக்கும் வேறு வேறு பதில். ஜனங்களுக்கு: இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு. வரி வசூலிக்கும் ஆயக்காரருக்கு: கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகருக்கு: யாரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு. துணி, பணம், அதிகாரம். மூன்று பதிலிலும் ஜெபம் என்ற பேச்சே இல்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஜெபம் வேண்டாம் என்பதற்காக அல்ல, கேட்டவன் தப்பித்துப்போக ஓட்டை விடாததற்காக.

இதையே லிங்கராஜபுரத்திலும் கம்மனஹள்ளியிலும் வைத்துக் கேளுங்கள். வீட்டுக்காரர் கேட்டால்: பத்து மாத அட்வான்ஸ் வாங்கினீர்கள், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, பெயின்ட் அடிக்காமலே அடுத்த குடித்தனத்தை வைத்தீர்களே, அந்தப் பணம். மேனேஜர் கேட்டால்: ஜூனியர் செய்த வேலையை உங்கள் பெயரில் காட்டினீர்களே, அந்த ஸ்லைடு. ஆட்டோ ஓட்டும் அண்ணன் கேட்டால்: மொழி தெரியாமல் ஸ்டேஷனில் இறங்கி நின்ற பையனிடம் வாங்கியது.

லூக்கா 19-இல் வரும் ஆயக்காரர் தலைவன் சகேயு இதை யாரும் சொல்லாமலே செய்தான். திருடியதைத் திருப்பும்போது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணாகமத்தில் இருக்கிறது. ஒரு ஆட்டைத் திருடி விற்றவன் நாலு ஆடு கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமத்தில். சகேயு பெரிய கணக்கை எடுத்துக்கொண்டான்: "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்." பாதிச் சொத்து ஏழைகளுக்கு என்பது இதற்கு மேல். அதைச் சொன்னபிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது. பணத்தைக் கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இயேசு அவன் வீட்டில் தங்குவதாகச் சொன்னது அதற்கு முன்பே. வந்த விருந்தாளிக்காக வீட்டைச் சுத்தம் செய்தான்.

தாழ்மை என்றால் யார் என்ன செய்தாலும் பொறுத்துப்போவதா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெண்களே கேட்கிறார்கள். அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அதனால் பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: இல்லை.

பிரதான ஆசாரியனின் வீட்டில் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது அவர் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் பவுலை அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். ரோமக் குடிமகனான பவுல், அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். பூமியிலேயே மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று வேதம் சொல்லும் மோசே பார்வோனின் அரண்மனைக்குள் போய் நின்றவன்.

கணவர் கை ஓங்குகிறார் என்றால் அதைச் சகித்துக்கொள்வதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்து உங்களைத் திருப்பி அனுப்புகிற ஆயரின் பேச்சைக் கேட்காதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான். மனந்திரும்ப வேண்டியவர் அடித்தவர். அவர் மனந்திரும்பினாரா இல்லையா என்பதை, நீங்கள் திரும்பி வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துப் பாருங்கள். அப்போதும் திரும்பிப் போவதா என்பது உங்கள் முடிவு.

அப்ரைசலில் என் சாதனைகளை எழுதச் சொல்கிறார்கள். அது பெருமை இல்லையா?

செய்ததைச் செய்தேன் என்று எழுதுவது உண்மை பேசுவது. டீமே செய்ததை நான் செய்தேன் என்று எழுதாமல் இருந்தால் போதும்.

நாங்கள் சாதி பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் நம்ம ஆட்களாகப் பார்க்கிறோம். இதிலும் மனந்திரும்ப என்ன இருக்கிறது?

இதில்தான் நிறைய இருக்கிறது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்த நாளிலிருந்து தமிழர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பலர் தங்கள் சபையையும் கூடவே கொண்டுவந்தார்கள். சபையோடு சேர்ந்து சாதியும் வந்தது. அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் பிறந்து, திருநெல்வேலியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைக்கும் தன் சாதி தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது? ஞாயிறு பள்ளியில் சொல்லித் தரவில்லை. வீட்டில்தான்.

தமிழ்ச் சபைக்கு இது புதிய வழக்கும் அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உறுதியாக, உடனே, ஒரேயடியாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே வரிசையில் உட்காரவும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கவும் மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டுப் போனார்கள். கிறிஸ்துவை விடவில்லை, சபையைத்தான் விட்டோம் என்பது அவர்கள் சொன்ன நியாயம். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு சுவர். உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவர்கள் கட்டிய சுவர் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதற்கும் முந்திய சண்டை ஒன்று கலாத்தியர் 2-இல் இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கேட்டுவிட்டார். பேதுருவின் விசுவாசப் பிரமாணத்தில் எந்தப் பிழையும் இல்லை. அவர் யாரோடு சாப்பிட்டார், யார் வந்ததும் எழுந்தார் என்பதே குற்றம். "கல்யாணத்துக்கு மட்டும்" என்பதும் பந்தியிலிருந்து எழுந்திருக்கிற அதே காரியம். ஊரிலிருந்து மாமா வந்துவிட்டார், அவர் என்ன நினைப்பார்?

அடுத்து நடப்பதை நானே கவனித்திருக்கிறேன். பெண் பார்க்கும்போது "தேவ சித்தம்" என்பார்கள். அந்தச் சித்தம் ஒவ்வொரு தடவையும் அதே சாதிக்குள், முடிந்தால் அதே தாலுகாவுக்குள் வந்து விழும். மகன் வேறு சாதிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிற நாளில்தான் பெற்றவர்களின் மனந்திரும்புதல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியும். பிள்ளைகளுக்கு வரன் தேடும் வயதில் இருப்பவர்கள் இந்த ஒரு கேள்வியை லெந்து (தவக்கால) நாட்களில் எடுத்துக்கொண்டால், மற்ற ஒறுத்தல்களைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. இதைச் சொன்னதும் வகுப்பில் கூட்டம் குறைந்ததும் உண்டு.

பாவத்தை அறிக்கையிட குருவிடம் போக வேண்டுமா? தேவனிடம் நேராகச் சொன்னால் போதாதா?

கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் உண்டு, அதாவது குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். வருடத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது 1215-ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் வைத்த விதி. கேட்டதை குரு யாரிடமும் சொல்லக்கூடாது. சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்தி வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தேர் பார்க்க வருகிறவர்களோடு, வெகுநாள் கழித்து பாவசங்கீர்த்தனம் செய்ய வருகிறவர்களும் அதில் கலந்திருப்பார்கள்.

சி.எஸ்.ஐ. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். இதில் ஒரு வசதி, ஒரு ஆபத்து: கூட்டமாகச் சொல்லும்போது எவன் பாவம் எது என்று அவனுக்கே தெரியாமல் முடிந்துவிடும். மார்ட்டின் லூத்தர் 1517-இல் வெளியிட்ட 95 வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். அவர் தனி அறிக்கையை ஒழித்துவிடவும் இல்லை, கட்டாயத்தைத்தான் எடுத்தார்.

தேவனிடம் நேராகச் சொல்லலாம், சொல்ல வேண்டும். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள்" என்று யாக்கோபும் எழுதியிருக்கிறார். தேவனிடம் சொல்வது சுலபமாகவும் மனுஷனிடம் சொல்வது கடினமாகவும் இருந்தால், அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாயடக்கம் உள்ள ஒருவரிடம் போங்கள். வாட்ஸ்அப் ஜெபக் குழு அதற்கான இடம் இல்லை.

ஒரு விலக்கு: குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தைச் சபைக்குள்ளே "அறிக்கையிட்டு" முடித்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098.

மன்னிப்பு எப்படிக் கேட்பது?

"மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று கேட்காதீர்கள். புண்பட்டதா என்ற சந்தேகத்தை எதிராளியின் தலையில் வைக்கிற வாக்கியம் அது.

சவுலும் தாவீதும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சாமுவேல் கண்டித்தபோது சவுல் "பாவஞ்செய்தேன்" என்றான். ஜனங்களுக்குப் பயந்து செய்தேன் என்று காரணமும் சொன்னான். பிறகு, மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டுக்கொண்டான். நாத்தான் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி "நீயே அந்த மனுஷன்" என்றபோது தாவீது "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டான். காரணமும் சொல்லவில்லை, மரியாதையும் கேட்கவில்லை. உங்கள் மன்னிப்பில் "ஆனா" வருகிற இடம் சவுலின் இடம்.

செய்தது இன்னது என்று சொல்லுங்கள். நஷ்டம் இருந்தால் ஈடு செய்யுங்கள். கேட்க வேண்டியவர் உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற அம்மாவாகவோ, அப்பார்ட்மென்டில் சர்வீஸ் லிஃப்டில்தான் ஏற வேண்டும் என்று நீங்கள் விரட்டிய டெலிவரிப் பையனாகவோ இருந்தாலும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பிள்ளைகளிடமும் கேட்கலாம். அப்பாவின் மரியாதை அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அவர் மன்னிக்காவிட்டால்? மன்னிப்பு உங்களுக்கு வர வேண்டிய பாக்கி இல்லை. கேட்டுவிட்டு வந்துவிடுங்கள், தினமும் போய் நிற்காதீர்கள்.

1991 காவிரிக் கலவரத்தில் எங்கள் குடும்பம் அடிபட்டது. நாங்களும் தாழ வேண்டுமா?

அடிபட்டதற்காக யாரும் மனந்திரும்ப வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 1991 டிசம்பரில் அரசிதழில் வந்ததும் இந்த ஊர்த் தமிழர்கள்மேல் நடந்தது அநியாயம். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தபோது அந்தப் பயம் மறுபடியும் வீட்டுக்குள் வந்தது. அதைத் தாழ்மையின் பெயரில் மறைத்துப் பேசத் தேவையில்லை. சங்கீதக்காரர்கள் இதைவிடக் காட்டமாகப் புலம்பியிருக்கிறார்கள்.

நான் கேட்பது வேறொன்று. அப்போது பிறந்திராத உங்கள் பேரப்பிள்ளை, பக்கத்து பெஞ்சில் உட்காரும் கன்னடப் பிள்ளையைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன கேட்டு வளர்கிறது? மூன்று தலைமுறையாக இங்கே சாப்பிட்டும் கடைக்காரரிடம் பேசும் அளவுக்குக்கூடக் கன்னடம் படிக்க மாட்டேன் என்பதில் காயம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு? பிரித்துப் பார்க்க உங்களால்தான் முடியும்.

தவக்காலத்தில் அசைவம் விட்டால் போதுமா?

விடுவது நல்லதுதான். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை 46 நாள். ஆறு ஞாயிறு போக 40. அந்த நாட்களில் மீனை விட்டுவிட்டு, மிச்சமான பணத்தை ஈஸ்டர் பிரியாணிக்குச் சேர்த்தால் உபவாசம் வெறும் சேமிப்புத் திட்டம். ஏசாயா 58-ஐ வாசியுங்கள். பசியுள்ளவனுக்குப் பகிர்ந்துகொடுப்பதும் வேலையாட்களை ஒடுக்காமல் இருப்பதும் அங்கே உபவாசத்துக்குள்ளேயே வருகின்றன. நெற்றிச் சாம்பலோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதைப் பற்றி மத்தேயு 6-இல் ஏற்கெனவே பதில் இருக்கிறது.

நான் தாழ்மையாக இருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்குத் தெரியாது. உங்கள் மனைவிக்குத் தெரியும், கணவருக்குத் தெரியும், டிரைவருக்கு நிச்சயமாகத் தெரியும். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரனின் ஜெபத்தையும், இந்த ஆயக்காரனைப் போல நான் இல்லையே என்று நன்றி சொன்ன பரிசேயனின் ஜெபத்தையும் லூக்கா 18-இல் வாசித்துவிட்டு, அந்தப் பரிசேயனைப் போல நான் இல்லையே என்று தோன்றினால் மறுபடியும் முதலிலிருந்து வாசியுங்கள்.

தனியாக வாசிக்கத் தொடங்க எந்தப் பகுதி நல்லது?

லூக்கா 3, 15, 18, 19. பிறகு சங்கீதம் 51. யோனாவை முழுதாக வாசியுங்கள், நாலே அதிகாரம். நினிவே ஊரே மனந்திரும்பிய பின்னும் கோபமாக உட்கார்ந்திருப்பது தீர்க்கதரிசி ஒருவர்தான். வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். யாருடைய பெயராவது மனதில் வந்தால் எழுதி வைத்துவிட்டு மேலே வாசியுங்கள். செல்போனில் குறிக்கப் போனால் நோட்டிஃபிகேஷன் பார்க்கத் தோன்றும். அந்தப் பெயர் அப்படியே மறந்துபோகும்.